நான்கு தாலுகாக்களின் வாக்கு



தேர்தல் முடிவுகள் வெளியாகும் நாளில் நாடே பத்திரிகையும் கையுமாக இருக்கிறது. யார் வென்றார், யார் தோற்றார், வாக்கு வேறுபாடு எத்தனை என்று அறிந்ததும் நம் ஆவல் அடங்கிவிடுகிறது. பதவியேற்பு விழா முடிந்தபின் அந்த எண்களை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சரித்திரம் பயில்வோனுக்கு வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மக்கள் ஏன் இவ்வாறு வாக்களித்தனர், அந்த வாக்கினால் எதைச் சொல்ல விரும்பினர், சொன்னது எவர் செவிக்கு எட்டியது என்ற வினாக்களுக்கு அவன் விடை தேடுகிறான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தன் தீர்ப்பை வழங்குகிறது. மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர் வாக்குகள் என்று வகுத்திருக்கிறார்கள். 1936-ஆம் ஆண்டுத் தேர்தலில் அன்றிருந்த 48 மாநிலங்களுள் 46 மாநிலங்கள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தெடுத்தன. வடகிழக்கு மூலையிலுள்ள மெயின், வெர்மான்ட் என்ற இரண்டு மட்டும் ஆல்பிரட் லாண்டன் என்பவருக்கு வாக்களித்தன. ரூஸ்வெல்ட்டுக்கு 523 தேர்வாளர் வாக்குகள், லாண்டனுக்கு 8. அந்த எட்டு வாக்குகளால் ஆட்சி மாறவில்லை. ஆயினும் அவ்விரு மாநிலங்களைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இன்றும் அந்த எட்டிலிருந்தே தொடங்கலாம். தனித்து நின்ற வாக்குக்குப் பின்னால் ஒரு தனி வரலாறு இருக்கும் என்பது உறுதி.

அத்தகைய தனி வாக்கு ஒன்று நம் மாவட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் தோன்றியது. அதற்கு முன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியாக இருந்தன. 1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தென்கோடியாக இருந்தன. இந்தத் தென்கோடி மக்கள் 1948, 1952, 1954 ஆகிய மூன்று தேர்தல்களில் அளித்த வாக்கைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முதலில் நாட்டின் இயல்பை அறிதல் நலம். வடக்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் கீரிப்பாறை போன்ற காட்டோரச் சிற்றூர்கள், அவற்றின் கீழே பழையாற்று நீரும் பேச்சிப்பாறை அணையின் கால்வாய் நீரும் பாயும் நாஞ்சில் வயல்கள், தெற்கே கடல். பத்மநாபபுரம் ஒரு காலத்தில் இந்த அரசின் தலைநகரமாகவே விளங்கியது. பிற்காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குச் சென்றது. அரசோடு இப்பகுதிக்கு இருந்த உறவு பழமையானது. அதில் பல நன்மைகளும் விளைந்தன. பேச்சிப்பாறை அணையைக் கட்டியதும் அந்த அரசே. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆலயக் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டதும் அந்த அரசே. இவற்றை மறந்துவிட்டுச் சரித்திரம் எழுதுதல் நேர்மையாகாது.

இருப்பினும் மனக்குறைகள் நெடுங்காலமாகத் திரண்டுவந்தன. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் தமிழ் பேசிய மக்களுக்கு, அரசின் அலுவல்கள் நிகழும் மொழி அயலாக இருந்தது. தம் மொழியில் மனு எழுதவும், தம் மொழியில் பதில் பெறவும், தம் மக்கள் தமிழிலேயே கல்வி பயிலவும் அவர்கள் விரும்பினர். மொழி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகக் கல்குளம், விளவங்கோடு பகுதிப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-ஆம் ஆண்டு அரச ஆணை பிறந்த பின்னரே அந்த வழக்குத் தணிந்தது. அந்த நினைவு தலைமுறை தலைமுறையாக வீடுகளில் தங்கியிருந்தது. மொழிக் குறையும் மானக் குறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

இக்குறைகளைச் சொல்லும் வாய்ப்பு எளிய மக்களுக்கு எப்போது கிடைத்தது? 1888-ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் சட்ட ஆலோசனைச் சபை ஏற்பட்டது. இந்தியச் சமஸ்தானங்களுள் அத்தகைய சபையை முதலில் கண்டது திருவிதாங்கூரே. ஆயினும் அதன் உறுப்பினர் நியமிக்கப்பட்டோர். எண்ணிக்கையும் எட்டுக்கு மிகாது. 1904-ஆம் ஆண்டு ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. அங்கும் நிலவரி செலுத்துவோர், வணிகர் போன்றோரின் குரலே கேட்டது. ஏர் பிடிப்பவனும் பனையேறுபவனும் வலை வீசுபவனும் வாக்களிக்கும் நாள் வருவதற்கு 1948-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் மக்களின் குறையைச் சொல்ல ஓர் அமைப்பு உருவாயிற்று. 1945-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் நாகர்கோவிலில், சாம் நத்தானியேல் முன்னின்று அகில திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸ் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் இரவிபுதூரில் கூடிய கூட்டத்தில் அதற்குத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் மாற்றினர். 1947-ஆம் ஆண்டு செப்டம்பரில் வழக்கறிஞர் ஏ. நேசமணி அதில் சேர்ந்தார். விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895-ஆம் ஆண்டு பிறந்த அவரை மக்கள் பின்னர் ‘மார்ஷல்’ என்று அழைத்தனர். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்துடன் இணைக்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் குறிக்கோள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் என ஒன்பது தாலுகாக்களை அது கோரியது.

1947-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகாராஜா சித்திரைத் திருநாள் பொறுப்பாட்சி வழங்குவதாக அறிவித்தார். 1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் தேர்தல் நடைபெற்றது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இந்த உரிமையைக் கையாண்டுவிட்டனர் என்பது நினைவில் வைக்கத்தக்கது. மொத்தம் 120 இடங்கள். திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் 97 இடங்களையும், முஸ்லிம் லீக் 9 இடங்களையும், தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களையும் பெற்றன. சமஸ்தானம் முழுவதும் ஒரு கட்சியின் அலை வீசிக்கொண்டிருக்கையில், தென்பகுதி அந்த அலைக்குத் தலைசாய்க்கவில்லை. அந்தத் தேர்தல் அமைதியாகவும் முடியவில்லை. அத்திங்களில் நிகழ்ந்த கலவரத்தை ஒட்டிய துப்பாக்கிப் பிரயோகத்தில் தேவசகாயம், செல்லையா என்ற இருவர் உயிரிழந்தனர்.

பதினான்கு பேர் சபையில் அமர்ந்தனர். ஆயினும் 97 பேர் எதிரே இருக்கையில் அவர்கள் எதைச் சாதிக்க முடியும்? கோரிக்கையைக் குறிப்பேட்டில் ஏற்றலாம், அவ்வளவே. இந்த முதல் தேர்தலால் தென்பகுதி மக்களின் விருப்பம் மேடைப்பேச்சாக மட்டும் இராமல் அதிகாரபூர்வமான பதிவாயிற்று. அதற்கு மேல் ஒன்றும் நிகழவில்லை.

இரண்டாவது வாய்ப்பு 1951-ஆம் ஆண்டு இறுதியிலும் 1952-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலுமாக வந்தது. இஃது இந்தியா முழுவதற்குமான முதல் பொதுத் தேர்தல். அன்று வாக்களித்த முறையை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். வாக்குச் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் சீட்டைப் பெற்று மறைவிடத்துக்குச் சென்று, தாம் விரும்பியவரின் பெட்டியில் அதை இடுவார். எழுத்தறியாத முதியவரும் தம் மனத்தைத் தயக்கமின்றி அறிவிக்க இது வழிசெய்தது. அன்று வாக்களிக்கும் வயது 21. அது 18 ஆனது 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபின்னரே.

திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையில் அப்போது 108 இடங்கள். காங்கிரஸ் 44 இடங்களைப் பெற்றது. தமிழ்நாடு காங்கிரசுக்குக் கிடைத்தவை 8. நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி அக்கட்சியின் சார்பிலேயே லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1948-இல் 14 இடம் பெற்றவர்கள் 1952-இல் 8 இடமே பெற்றது வீழ்ச்சியன்றோ என்று நீங்கள் கேட்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் வீழ்ச்சிதான். ஆனால் சபையின் அமைப்பைப் பாருங்கள். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. ஏ. ஜே. ஜான் 1952-ஆம் ஆண்டு மார்ச்சில் அமைத்த காங்கிரஸ் மந்திரிசபை நிலைத்து நிற்கத் தமிழ்நாடு காங்கிரசின் ஆதரவு தேவைப்பட்டது. தராசின் இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது சிறு படிக்கல்லும் முள்ளை அசைத்துவிடும். அந்த ஆதரவு திரும்பப் பெறப்பட்டதும், 1953-ஆம் ஆண்டு செப்டம்பரில் மந்திரிசபை வீழ்ந்தது.

மூன்றாவது தேர்தல் 1954-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்றது. சபையின் இடங்கள் 117 ஆக உயர்ந்திருந்தன. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுக் கட்சி 23, பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சி சோஷலிஸ்டுக் கட்சி 9, ஏனையோர் 9 என்பது முடிவு. தமிழ்நாடு காங்கிரஸ் எட்டிலிருந்து பன்னிரண்டாக வளர்ந்திருந்தது. தென்பகுதியின் தீர்ப்பு முன்னிலும் தெளிவாக ஒலித்தது. ஆனால் விளைவோ நேர்மாறாயிற்று. 19 பேரை மட்டுமே கொண்ட பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் தலைவர் பட்டம் தாணுபிள்ளை, 45 பேர் கொண்ட காங்கிரசின் ஆதரவோடு முதலமைச்சரானார். இருவரும் சேர்ந்தால் 64. பெரும்பான்மைக்கு வேண்டியது 59. தமிழர் கட்சியின் பன்னிரண்டு பேரை அங்கே எவரும் நாடவேண்டிய தேவை எழவில்லை.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணுங்கள். எட்டுப் பேராக இருந்தபோது ஒரு மந்திரிசபை அவர்களை நம்பி நின்றது. பன்னிரண்டு பேராக வளர்ந்தபோது அவர்கள் சொல் ஏறவில்லை. சட்டசபையில் ஒரு கட்சியின் வலிமையை அதன் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஏனையோரின் எண்ணிக்கையும் அவர்கள் செய்துகொள்ளும் உடன்பாடுமே தீர்மானிக்கின்றன. பாடநூலில் ‘இன்ன கட்சி இத்தனை இடம்’ என்று மனப்பாடம் செய்வதால் இந்த உண்மை விளங்காது.

வாக்குப் பெட்டியில் மேலும் உரத்துச் சொன்ன பிறகும் செவிமடுப்பார் இல்லையெனக் கண்டபோது, மக்களின் வேகம் வீதிக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டு முழுவதும் கூட்டங்களும் மறியல்களும் கைதுகளும் தொடர்ந்தன. ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். பலர் மாண்டனர். இந்தக் கதையை நாம் பெருமிதத்தோடு மட்டும் கூறுதல் கூடாது. துயரத்தோடும் கூற வேண்டும். வாக்கின் குரல் உரிய காலத்தில் கேட்கப்பட்டிருந்தால் அந்த உயிர்கள் போயிருக்க மாட்டா. தாணுபிள்ளையின் மந்திரிசபையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்ந்தது.

முடிவு வேறோர் இடத்தில் உருவாயிற்று. 1953-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசு மாநிலச் சீரமைப்புக் கமிஷனை நியமித்திருந்தது. பசல் அலி தலைவர். ஹிருதயநாத் குன்ஸ்ரூ, கே. எம். பணிக்கர் ஆகியோர் உறுப்பினர். 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அளித்த அறிக்கையில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கலாம் என்று கமிஷன் பரிந்துரைத்தது. கோரியவை ஒன்பது, கிடைத்தவை ஐந்து. அவற்றுள்ளும் செங்கோட்டையின் ஒரு பகுதியே இறுதியில் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது.

தேவிகுளமும் பீருமேடும் ஏன் கிடைக்கவில்லை? அந்த மலைகளிலும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர்; தமிழ்நாடு காங்கிரசுக்கு அங்கும் ஆதரவு இருந்தது. ஆனால் அவர்களுள் பலர் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள், நிலையாக வேரூன்றியவர்கள் அல்லர் என்ற வாதம் முன்னின்றது. அந்த மலைப்பகுதியின் பொருளாதார முக்கியத்துவமும் கருதப்பட்டது. இந்த வாதத்தைக் கீரிப்பாறையில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பவர்க்கு ஒன்று தோன்றாமல் போகாது. இவ்வூரும் இன்று தோட்டத் தொழிலாளர் ஊரே. ரப்பர் மரத்தில் பால் வெட்டி வாழும் குடும்பங்கள் இம்மலையடிவாரத்தில் இருக்கின்றன. உழைக்க வந்த இடத்தில் பிள்ளை பெற்று, அங்கேயே மூத்து, அங்கேயே மண்ணோடு கலக்கும் ஒருவன் எத்தனை ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊர்க்காரன் ஆகிறான்? ஒரே சின்னம் ஒட்டிய பெட்டியில் இட்ட இருவர் வாக்குகளுள், வயல் உழுதவன் வாக்குக்கு ஒரு நிறையும், கொழுந்து கிள்ளியவள் வாக்குக்கு வேறு நிறையும் அமைந்தன. சட்டத்தின் முன் எல்லா வாக்கும் ஒன்றே. எல்லை வகுப்போர் முன் அவ்வாறு இருக்கவில்லை. இஃது இன்றும் உலகின் பல நாடுகளில் விடை காணாத வினா.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. குறிக்கோள் நிறைவேறவே, தமிழ்நாடு காங்கிரஸ் தன்னைக் கலைத்துக்கொண்டு இந்திய தேசியக் காங்கிரசோடு இணைந்தது. பதவியில் நீடிப்பதற்காகக் கட்சிகள் காரணம் தேடுவதைக் காணும் நமக்கு, காரணம் முடிந்ததும் ஒரு கட்சி முடிந்துபோனது வியப்பளிக்கும் செய்தியே.

ஆனால் தனித்து எண்ணி வாக்களிக்கும் வழக்கம் அதனோடு முடிந்துவிடவில்லை. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநிலமெங்கும் காங்கிரஸ் தோல்வியுற்றது; மொத்தம் 39 லோக்சபைத் தொகுதிகளுள் அதற்குக் கிடைத்தவை மூன்றே. அவற்றுள் ஒன்று நேசமணி நின்ற நாகர்கோவில். 1968-ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், 1969-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில், விருதுநகரில் தோற்றிருந்த காமராஜரை இத்தொகுதி பெரும் வாக்கு வேறுபாட்டில் தேர்ந்தெடுத்தது. 2014-ஆம் ஆண்டு மாநிலத்தின் 39 தொகுதிகளுள் 37-இல் ஒரே கட்சி வென்றபோதும், அவ்வாறு செல்லாத இரண்டுள் ஒன்று கன்னியாகுமரி. கட்சி மாறியிருக்கலாம், தனிப்போக்கு மாறவில்லை. இதை நன்று என்றோ தீது என்றோ நான் தீர்ப்புக் கூற வரவில்லை. ஒரு நிலப்பகுதியின் பழைய வரலாறு அதன் வாக்கில் தங்கி நிற்கக் கூடும் என்பதே சுட்டத்தக்கது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது மாணவர்கள் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, ‘தென்பகுதி இவ்வாறு வாக்களித்தது’ என்று நாம் சொல்லும்போது, அங்கு வாழ்ந்த ஒவ்வொருவரும் அவ்வாறே வாக்களித்தார் என்பது பொருளன்று. நான்கு தாலுகாக்களிலும் வேறு கட்சிக்கு வாக்களித்த தமிழர் இருந்தனர். மலையாளம் பேசும் குடும்பங்களும் இருந்தன. எல்லை மாறியதால் நேற்றுவரை பெரும்பான்மையாக இருந்தோர் மறுநாள் காலையில் சிறுபான்மையாயினர். முன்பு நமக்கு வேண்டியிருந்த நீதி இப்போது அவர்களுக்கும் வேண்டியதாயிற்று. இரண்டாவது, வாக்கு தானே எதையும் செய்துவிடாது. அது சாட்சி கூறும். சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளிக்க நடுநிலையான மன்றம் வேண்டும். பதினான்கு, எட்டு, பன்னிரண்டு என்ற எண்கள் சட்டசபையில் பெரும்பான்மையை ஒருபோதும் பெறவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில் மூன்று முறை கேட்டபோதும் மக்கள் பிறழாது ஒரே விடையைக் கூறினர் என்பதற்கு அவை சான்றாக நின்றன. ஒரு நாள் உணர்ச்சி என்று அதை எவரும் தள்ளிவிட முடியாமற்போயிற்று.

பழைய தேர்தல்களின் புள்ளி விவரங்களைத் தேர்தல் கமிஷன் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் உங்கள் சொந்தத் தொகுதியின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வாக்களித்தனர், யாருக்கு அளித்தனர், பக்கத்துத் தொகுதியினின்றும் எங்கே வேறுபட்டனர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் உங்கள் ஊர் முதியவரிடம் சென்று, ‘ஐயா, ஏன் அவ்வாறு வாக்களித்தீர்கள்?’ என்று பணிவோடு கேளுங்கள். அவர் கூறும் விடை எந்தப் பாடநூலிலும் அச்சாகியிருக்காது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்வருவோர்க்கு அதுவே சரித்திரம்.